பின்னால் நின்ற பதினோரு பேர்

ஒரு மனிதனைத் தூக்குமேடைக்கு அனுப்ப எவ்வளவு வாஸ்லைன் வேண்டும்? சுண்டுவிரல் நுனியில் தொட்டு எடுத்தால் போதும். இதை நான் தெரிந்துகொண்டது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தஞ்சாவூரில் வக்கீல் மீரா உசேனின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது.

மேஜையில் ஒரு போட்டோ கிடந்தது. அறுவடை முடிந்த வயல். நடுவில் வைரக்கண்ணு. தோளில் துண்டு, கையில் கதிர் அரிவாள். அரிவாளைத் தலைக்கு மேலே தூக்கி, வாயைப் பிளந்து கத்திக்கொண்டு நிற்கிறான். கழுத்து நரம்பை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. அவனைச் சுற்றி மற்றதெல்லாம் மார்கழிப் பனி. பின்னால் பனை மரங்களும் ஆட்களும் நிற்பது வெறும் தீற்றலாகத் தெரிகிறது. இந்தப் படத்தை நாலு பத்தி அகலத்துக்குப் பேப்பரில் போட்டு, கீழே 'கொலைவெறி' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார்கள். அதற்குமேல் எழுத அவர்களுக்கு அவசியமும் இருக்கவில்லை.

வழக்கு இதுதான். போன வருஷம், அதாவது எழுபத்தொன்று தை மாதம், குடவாசல் பக்கம் விளாம்பாடி கிராமத்தில் காலை பத்தரை மணிக்கு வயலில் கூலித் தகராறு. பதினொன்றரைக்கு மிராசுதார் வேம்புவின் காரியஸ்தர் ரெத்தினம் வைக்கோல் போருக்குப் பின்னால் வெட்டுப்பட்டுக் கிடந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவன் வைரக்கண்ணுவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் முதல் நாளிலிருந்து ஒரே பேச்சாகச் சொன்னான்: மிராசுதாரே காரில் வந்து இறங்கினார், அவரிடம்தான் கத்தினேன், கத்திவிட்டு வீட்டுக்குப் போனேன், ரெத்தினத்தை நான் தொடவே இல்லை. மிராசுதாரோ, அன்று பூராவும் தஞ்சாவூரில் இருந்ததாகக் கோர்ட்டில் சத்தியம் செய்தார். அதை ஆமோதிக்க இரண்டு பெரிய மனிதர்கள். படம் எடுத்த குடவாசல் குழந்தைராஜும் வயலில் மிராசுதாரைப் பார்க்கவில்லை என்று கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டான். கூட நின்ற கூலியாட்கள் வைரக்கண்ணுவின் ஆட்கள், அவர்கள் பேச்சு மட்டும் கோர்ட்டுக்குப் போதாது.

மிராசுதாருக்குக் காரியஸ்தர் மேல் என்ன கோபம் என்று ஊருக்கே தெரியும். நில உச்சவரம்பைப் பதினைந்து ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைத்துப் புது ஆட்சி சட்டம் போட்டதும், வேம்பு தன் நிலத்தில் ஒரு பகுதியை ரெத்தினத்தின் பெயரில் பினாமியாக எழுதி வைத்தார். ரெத்தினம் ஒருநாள், 'என் பேர்ல இருக்கிறது எனக்குத்தான்' என்று சொல்லிவிட்டார். ஊருக்குத் தெரிந்ததையெல்லாம் கோர்ட் ஒத்துக்கொள்ளுமா? மிராசுதார் அன்று வயலில் இல்லை என்ற ஒரு பொய் உடைந்தால் போதும், மற்றதெல்லாம் தானே சரியும். அதற்கு எங்களுக்கு இருந்த அவகாசம் திங்கட்கிழமை காலை வரை. அன்றோடு எங்கள் தரப்பு சாட்சியம் முடிகிறது.

என் பெயர் அருள்மேரி. துப்பறியும் குஞ்சிதபாதத்தின் உதவியாளர் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறது. அதை அடிக்க அச்சகத்துக்கு நாலு தடவை நடந்தவளும் நான்தான். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் ஸ்டூடியோக்களில் டச்சிங் வேலை பார்த்தேன். நெகட்டிவில் பென்சில் பிடித்துப் பருவை எடுப்பது, மாறுகண்ணை நேராக்குவது, கறுத்த மாப்பிள்ளையை வெளுப்பது. எத்தனை கல்யாணம் என் பென்சிலால் நடந்து, பிறகு நிஜ முகத்தைப் பார்த்து நின்றிருக்கும் என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

குஞ்சிதபாதம் சார் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ராஜினாமா செய்தவர். சட்டைப் பையில் பொட்டுக்கடலை, வாயில் நாலே வார்த்தை. அவர் பேசாத மிச்சத்தையெல்லாம் நான் பேசிவிடுகிறேன் என்பது அவருடைய குறை.

"என்ன மேரி, படத்தை மோந்து பாக்குறீங்க?" என்றார்.

"கல்யாண வாசனை வருது சார்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். கல்யாணப் படத்தில் பெண் மட்டும் எடுப்பாகத் தெரிய வேண்டும், பந்தல் கிழிசலும் நாத்தனார் முறைப்பும் தெரியக் கூடாது என்றால் ஸ்டூடியோக்காரனுக்கு இரண்டு வழி. ஒன்று, எடுக்கும்போதே லென்ஸை அகலத் திறந்து வைப்பது. பெண் தெளிவாக விழும், பின்னால் இருப்பது மங்கும். தை மாதத்துப் பத்தரை மணி வெயிலில் குழந்தைராஜின் பழைய காமிராவில் அப்படித் திறந்தால் படம் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிடும். இரண்டாவது வழி, பிரிண்ட் போடும்போது பேப்பருக்கு மேலே ஒரு கண்ணாடியை வைத்து, பெண் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் வாஸ்லைன் தடவுவது.

"இது ரெண்டாவது. காலைப் பாருங்க சார். கட்டைவிரல் நகம் வரைக்கும் தெரியுது. அந்தக் கால் மிதிச்சிட்டு நிக்கிற நெல்லுத்தாள் மங்கலா இருக்கு. காலும் காலடியும் ஒரே தூரத்துலதான இருக்கணும்? இவன் என்ன ஆகாசத்துலயா நிக்கிறான்?"

மீரா உசேன் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் நாற்காலியில் சாய்ந்தார். படத்தில் கை வைக்கவே இல்லை என்று குழந்தைராஜ் சத்தியம் செய்திருப்பதையும், நெகட்டிவைக் கேட்டதற்கு மழையில் நனைந்து கெட்டுப்போய்விட்டதாகச் சொல்லியிருப்பதையும் சொன்னார்.

சார் இரண்டு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். "ஒரு ஆளை எடுப்பாக் காட்டுறதுக்காக மத்ததை மறைச்சானா, மத்ததை மறைக்கிறதுக்காக இந்த ஆளை எடுப்பாக் காட்டுனானா?"

எங்களோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். காத்தான். வைரக்கண்ணுவின் மாமனார். தோளில் வெளுத்த துண்டு, ஒரு சுருக்கம் இல்லாமல். விளாம்பாடி தெற்குத் தெருவில் மிராசுதாருக்கு முன்னால் தோளில் துண்டோடு நிற்கக் கூடாது என்பது காலங்காலமான வழக்கம். அவரைக் கண்டதும் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். வெண்மணியில் குடிசை எரிந்த பிறகு வைரக்கண்ணு தெருவையே கூட்டி, கொடிக்கம்பத்தைத் தொட வைத்து, இனி எவனுக்கும் துண்டை இறக்குவதில்லை என்று சத்தியம் வாங்கினான். முதலில் கம்பத்தைத் தொட்டவர் காத்தான். இந்தக் கதையை அவர் என்னிடம் மட்டும் மூன்று தடவை சொல்லியிருக்கிறார், நானும் மூன்று தடவையும் முழுசாகக் கேட்டேன்.

இப்போது அவர் படத்தில் தீற்றலாகக் கிடந்த உருவங்களைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"எம் மாப்புள்ள தனியா நிக்கலீங்க. நாங்க பதினோரு பேரும் அவுரு பின்னாடிதான் அசையாம நின்னோம்."

சார் தலையாட்டினார். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் குடவாசல் போவது என்று முடிவானது.

குழந்தைராஜும் நானும் தஞ்சாவூரில் ஒரே முதலாளியிடம் தொழில் கற்றுக்கொண்டவர்கள். வாஸ்லைன் வித்தையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அந்த வயிற்றெரிச்சலோடுதான் படி ஏறினேன். என்னைப் பார்த்ததும், "வா தங்கச்சி" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். பின்னால் வந்த சாரைப் பார்த்ததும் பல்லை உள்ளே வைத்துக்கொண்டான்.

நெகட்டிவைப் பற்றிக் கேட்டதற்கு அதே மழைக் கதை. ஓட்டில் ஒழுகியதாம், பெட்டியில் தண்ணீர் நின்றதாம், பிலிம் எல்லாம் ஒட்டிக்கொண்டதாம். சொல்லிக்கொண்டே ஓட்டைக் காட்டினான். சாரும் மரியாதைக்கு அண்ணாந்து பார்த்தார்.

என் கண் ஓட்டில் இல்லை. மூலையில் ஸ்டாண்டில் ஒரு பெரிய படம் காய்ந்துகொண்டிருந்தது. மார்பளவுப் படம், சுற்றிலும் வெள்ளை, ஓரத்தில் 'முதலாம் ஆண்டு நினைவு' என்று எழுத இடம் விட்டிருந்தது. செத்துப்போன ரெத்தினம்தான். வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு அவர் குடும்பம் ஆர்டர் கொடுத்திருக்கிறது.

"இது எந்தப் படத்துலேருந்து எடுத்ததுண்ணே?"

ஏதோ பழைய படம் என்றான். நான் கிட்டப் போனேன். வெயிலுக்கு நெற்றியைச் சுருக்கியிருக்கிறார். மூக்கின் நிழல் விழுந்திருக்கும் சாய்வு, கோர்ட் படத்தில் வைரக்கண்ணுவின் மூக்கு நிழல் விழுந்த அதே சாய்வு. காதுக்குப் பக்கத்தில் வெள்ளை அடித்தது போக ஒரு பனை மட்டையின் நுனி மிச்சம் இருக்கிறது. அந்தப் பனையும் கோர்ட் படத்தில் தீற்றலாக நின்ற பனைதான். இன்னொன்றும் பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துண்டு நிஜத் துண்டு இல்லை. பிரஷ்ஷில் வரைந்தது. அதுவும் மட்டமான வேலை, மடிப்பில் நிழலே இல்லை.

"மழையில கெட்டுப்போன நெகட்டிவுலேருந்து இப்பப் பிரிண்ட் போட்டிருக்கியேண்ணே, மாதா கோயில்ல சொன்னா அற்புதம்னு கொடி ஏத்திருவாங்க."

அதற்குப் பிறகு சார் பேசினார். கோர்ட்டில் பொய்ச் சத்தியம் செய்தால் ஏழு வருஷம் வரை கிடைக்கும் என்று சொன்னார். தானாக எடுத்துக் கொடுத்தவனை ஜட்ஜ் ஒரு மாதிரிப் பார்ப்பார், சோதனை போட்டுப் பிடிபட்டவனை வேறு மாதிரிப் பார்ப்பார் என்றும் சொன்னார். குரல் ஏறவே இல்லை. குழந்தைராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தான். செத்துப்போனவர்களின் நெகட்டிவ் எல்லாம் அவன் தனி டின்னில் வைப்பான். திதிக்குத் திதி யாராவது வந்து காப்பி கேட்பார்கள். அந்தத் தொழில் பழக்கம்தான் அவனைக் காட்டிக் கொடுத்தது.

டார்க் ரூமில் நானே பிரிண்ட் போட்டேன். கண்ணாடி இல்லை, வாஸ்லைன் இல்லை. சிவப்பு விளக்கில் தட்டுக்குள் படம் எழுந்து வந்தது. முதலில் வைரக்கண்ணு, அப்புறம் பனை மரங்கள், அப்புறம் ஒவ்வொரு முகமாகப் பின்னால் நின்ற ஆட்கள். இடது ஓரத்தில் ரெத்தினம். யாராவது ஒருவன் கையில் கொடுவாள் இருக்கும், யாராவது ஒருவன் ரெத்தினத்தை முறைத்துக்கொண்டிருப்பான், மிராசுதாரின் கார் மூக்காவது தெரியும் என்று பத்து நிமிஷம் பூதக்கண்ணாடியோடு தேடினேன். ஒரு மண்ணும் இல்லை. பதினோரு பேர் தரையைப் பார்த்துக்கொண்டு பூனை மாதிரி நிற்கிறார்கள். மூஞ்சியையே பார்த்துப் பழகிய கண் எனக்கு. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.

ஈரப் படத்தை வெளியே கொண்டுவந்து சாரிடம் கொடுத்தேன். இதில் மறைக்கிற மாதிரி எதுவுமே இல்லையே சார், வீணாக ஒரு சனிக்கிழமை போச்சு என்று அலுத்துக்கொண்டேன்.

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டாண்டில் காய்ந்த பெரிய படத்தைப் பார்த்தார். கடலைக்குப் போன கை பாதியில் நின்றது.

"குழந்தைராஜ், ரெத்தினம் தோள்ல எதுக்குத் துண்டு வரைஞ்சீங்க?"

துண்டில்லாமல் அவர் வாசல் தாண்ட மாட்டார், அதனால் வரைந்துவிடச் சொல்லி வீட்டில் கேட்டார்கள் என்றான்.

"வாசல் தாண்டாதவரு அன்னைக்கி வயலுக்கு வந்திருக்காரே. துண்டு எங்க?"

நான் எட்டிப் பார்த்தேன். இருந்தது. இடுப்பில். ரெத்தினம் துண்டை இறக்கி இடுப்பில் சுற்றி, கையை முன்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"கூலிக்காரங்க அவருக்குத் துண்டை இறக்கலாம். அவரு யாருக்கு இறக்குவாரு? விளாம்பாடியில காரியஸ்தருக்கு மேல ஒரே ஒரு ஆளுதான். படம் எடுக்கிறப்ப அந்த ஆளு உங்க பக்கத்துல நின்னாரா, பின்னாடி நின்னாரா?"

குழந்தைராஜ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். பிறகு நாங்கள் கேட்காததையும் சேர்த்துக் கொட்டினான். மிராசுதார் காலையிலேயே காரில் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வயலில் அவன் வலது கைப்பக்கம் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். 'அந்தப் பயலை மட்டும் எடு, அவன் எடுப்பாத் தெரியணும்' என்பது உத்தரவு. மறுநாள் பிரிண்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவருக்குத் திருப்தி இல்லை. பின்னால் நிற்பவர்கள் ரொம்ப சாதுவாக இருக்கிறார்கள், கலவரம் மாதிரி இல்லை, அவர்களை மங்கலாக்கு என்றிருக்கிறார். நெகட்டிவைக் கிழித்துவிடவா என்று இவனே கேட்டானாம்.

"அரை மணி நேரம் வச்சுப் பாத்தாரு சார். 'நான் எதுலயும் இல்லையே, இருந்துட்டுப் போவுது'ன்னு குடுத்துட்டாரு."

அரை மணி நேரம் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு துண்டு இடுப்பிலும் அக்குளிலும் இருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. எப்படிப் படும்? பிறந்ததிலிருந்து அந்த ஆட்களை அவர் வேறு மாதிரிப் பார்த்ததே கிடையாது. வைரக்கண்ணுவின் தோளில் கிடந்த துண்டு ஒன்றுதான் அவருக்குத் தப்பாகத் தெரிந்திருக்கும். ஊரையே அடிமையாக வைத்திருந்த மிதப்பு அவரைக் கடைசியில் இந்த அழகில் கொண்டுவந்து நிறுத்தியது என்று எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

சார் குதிக்கவில்லை. திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று குழந்தைராஜிடம் எழுதி வாங்கிக்கொண்டு, படத்தோடு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"வழக்கு ஜெயிச்சாச்சு சார், கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னவாம்?"

"பன்னெண்டுல ரெத்தினத்தைக் கழிச்சுப் பாருங்க மேரி."

பதினொன்று. நான் எண்ணிப் பார்த்தேன். நாலு பேர் அக்குளில், ஏழு பேர் இடுப்பில். வைரக்கண்ணுவுக்கு நேர் பின்னால், ஒரு கை தூரத்தில், காத்தான். துண்டு இடுப்பில், தலை குனிந்து, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டபடி. பின்னால் நின்றது நிஜம்தான். அசையாமல் நின்றதும் நிஜம்தான்.

"எங்கப்பா தோள்ல துண்டு போட்டு நான் பாத்தது ஒரே தடவை" என்றார் சார். "பாடையில."

கிளம்புவதற்கு முன்னால் எதையோ மறந்துவிட்டேன் என்று சொல்லி டார்க் ரூமுக்குத் திரும்பிப் போனேன். குழந்தைராஜின் வாஸ்லைன் டின் அலமாரியிலேயே இருந்தது. கண்ணாடியில் ரெத்தினத்துக்கு மட்டும் இடம் விட்டு, மற்ற இடமெல்லாம் தடவி, இன்னொரு பிரிண்ட் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பாவமன்னிப்புக் கூண்டில் இதைச் சொன்னால் சாமியாருக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும்.

ஞாயிறு பூசையை விட்டுவிட்டு ஜெயிலுக்குப் போனேன். கோர்ட்டில் காட்டப்போகும் படத்தை வைரக்கண்ணு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும், கூண்டில் நிற்கும்போது முதல் தடவையாகப் பார்க்கக் கூடாது என்பது சாரின் பிடிவாதம். வக்கீல் கடிதம் கொடுத்திருந்தார். கூடவே வந்த காத்தானை வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

படத்தில் பார்த்த ஆள் இல்லை. முப்பது வயசுக்குக் கன்னம் ஒட்டி, ஜெயில் சட்டை தோளில் தொங்கியது. சார் பேசத் தொடங்குவதற்குள் நான் என் பிரிண்டை எடுத்துக் கம்பிக்குள் நீட்டினேன். சார் என்னைப் பார்த்தார், தடுக்கவில்லை.

வைரக்கண்ணு எங்களைவிடக் கெட்டிக்காரன். விளக்கம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

"ரெத்தினம் துண்ட எறக்கிருக்காரு" என்றவன் சிரித்தான். "வாயத் தொறந்து நான் ஒரு வருசமா சொன்னதை எவனும் நம்பல. இந்தத் துணி சொன்னா நம்புவாங்களாங்க?"

நம்புவார்கள் என்றார் சார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மனைவி செவ்வந்தி எப்படி இருக்கிறாள், பிள்ளை பிறந்து எத்தனை மாதம் என்றெல்லாம் கேட்டான். பிறகு மறுபடி படத்தைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல நின்றது.

"ஏம்மா, எங்க ஆளுங்க எங்க?"

கம்பியைப் பிடித்திருந்த கையை நான் எடுத்துக்கொண்டேன்.

"மிராசுதாரு அழிச்சாரு, சரி. நீங்களும் ஏன் அழிச்சீங்க? மாமா இருக்காரு, நல்லக்கண்ணு இருக்கான், அவன் தம்பி இருக்கான். அவுங்க மூஞ்சியப் பாக்கணும்மா. பின்னாடி பதினோரு பேரு நின்னாங்கன்னு நெனச்சு நெனச்சுத்தான் இந்த ஒரு வருசமா எனக்கு சோறு எறங்குது."

சார் தன் பையிலிருந்து நிஜப் படத்தை எடுத்துக் கொடுத்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, ஆனாலும் நின்றேன்.

அவன் முதலில் முகங்களைப் பார்த்தான். விரலால் தொட்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனான். நாலாவது பெயரில் விரல் முகத்திலிருந்து கீழே இறங்கியது. பிறகு பெயர் சொல்லவில்லை. விரல் மட்டும் ஒவ்வொரு இடுப்பாக நகர்ந்து, காத்தானிடம் வந்து நின்றது. வார்டர் வந்து நேரமாகிவிட்டது என்றார். சார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"நான் திரும்பியே பாக்கலீங்க" என்றான் வைரக்கண்ணு. "ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா நானும் எறக்கியிருப்பேன்."

அவர்களுக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது, குடிசை மிராசுதார் நிலத்தில் இருக்கிறது என்று சார் ஏதோ சொல்லத் தொடங்கினார். தெரியும் என்பது போல அவன் தலையாட்டினான். அவர்கள் மேல் கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில் என்னிடம்தான் கேட்டான்.

"மாமாவை மட்டும் மறைக்க முடியுமாம்மா? செவ்வந்தி கோர்ட்டுக்கு வருவா."

பன்னிரண்டு வருஷம் நான் யார் யாருக்காகவோ எதை எதையோ மறைத்திருக்கிறேன். இதை மட்டும் முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. இந்தப் படத்தில் ஒரு நகக்கீறல் விழுந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல், இதுவும் கைவேலைதான் என்பார், நீ தூக்குக்குப் போவாய் என்று நேராகவே சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

வைரக்கண்ணு படத்தை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தான். "சரிங்க. காட்டுங்க. எம் புள்ளைய நான் இன்னும் பாக்கல" என்றான். வார்டர் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. காத்தான் ஜெயில் சுவரின் நிழலில் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு வேகமாக வந்தார். மாப்பிள்ளை சாப்பிடுகிறாரா, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். நாளைக்கு விடுதலைக்கு வழி பிறந்துவிடும், நீங்கள் கூண்டில் ஏறி மிராசுதார் அன்று முன்னால் வந்து நின்றதைச் சொல்ல வேண்டும், நிஜப் படம் கிடைத்துவிட்டது என்றும் சொன்னேன். அந்த மனுஷன் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நிசப் படமா? அதுல நாங்க பின்னாடி நிக்கிறது தெரியுதாங்க ஐயா?"

சார் அவரை நேராகப் பார்க்காமல் படம் இருந்த பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தெரியுதுங்க. எல்லாமே தெளிவாத் தெரியுது."

காத்தானின் கை மெதுவாக மேலே போய்த் தோளில் கிடந்த துண்டைப் பிடித்துக்கொண்டது. பஸ் வரும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.